தினம் எட்டு வாளி

எனக்குச் சின்ன வயதிலிருந்தே மதியத் தூக்கம் வராது. வேறு ஊரில் இது ஒரு விஷயமே இல்லை. எங்கள் தீவில் இது பெரிய குறை. காது கேட்காதவனைப் பார்ப்பதுபோலப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். சாப்பாடு முடிந்து இரண்டு மணி அடித்ததும் ஜன்னல் பலகைகளைச் சாத்துவார்கள். அந்த மயக்கத்துக்கு எங்கள் பக்கத்தில் ஃப்யாக்கா என்று பெயர். ஐந்து மணிவரை நாய்கூடக் குரைக்காது. அந்த நேரத்தில் யாராவது சுத்தியலைத் தட்டினால் ஊர் ஒரு மாதம் அவனோடு முகம் கொடுத்துப் பேசாது. நான் மட்டும் முற்றத்தில் நாற்காலி போட்டு எதிரே இருக்கிற சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மேடம், கட்டட ஆய்வுக்கென்று நீங்கள் காலைப் படகில் வந்து, சரிந்த இடத்தையெல்லாம் அளந்து, உங்கள் அறிக்கையை இந்த மேசையில் எழுதினீர்கள். கைபேசியில் பேச வெளியே போனபோது நான் அதைப் படித்துவிட்டேன். மன்னிக்க வேண்டும். ஒரு வரியைத் தவிர எல்லாம் சரியாக இருக்கிறது. ‘தளம் சரிந்ததற்குக் காரணம், கட்டியவரின் அனுபவக் குறைவு’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இப்போது பேசுகிறேன். வாயைத் திறக்காதே என்றுதான் வக்கீல் சொன்னார். ஆனால் அந்த வரியை அப்படியே விட்டுவிட்டு என்னால் கண்ணை மூட முடியாது.

என் பெயர் குஸ்மா. ஒன்பது வருடம் ஜெர்மனியில் காங்கிரீட் வேலை பார்த்தேன். திரும்பி வந்து இருபத்தாறு வருடம் படகுத்துறையில் கயிறு கட்டினேன். ஊரில் என்னை ‘ஜெர்மனி’ என்றுதான் கூப்பிடுவார்கள். கேலியாகத்தான் கூப்பிடுகிறார்கள், எனக்குத் தெரியும். ஆனாலும் இந்தத் தீவில் யார் எதைக் கட்டினாலும் நான் போய்ப் பார்ப்பேன். எங்கே விரிசல் வரும், எந்த வருடம் வரும் என்று சொல்லிவிடுவேன். நான் சொல்லி நடக்காமல் போனது இதுவரை ஒன்றுகூட இல்லை.

லோவ்ரே என் மனைவி தோப்ரிலாவின் தம்பி. அவன் வீடு எங்கள் வீட்டுக்கு மேலே, சரிவில் இருக்கிறது. நான்கு வருடங்களுக்கு முன் அவனுக்கு ஓர் ஆசை வந்தது. வீட்டுக்கு முன்னால் சரிவை நிரப்பிச் சமமாக்கி, மேலே காங்கிரீட் தளம் போட்டு, திருவிழாவுக்கு ஊரையே கூப்பிட்டு ஆட வேண்டுமாம். அதற்கு இரண்டரை மீட்டர் உயரத்தில் கல்லால் ஒரு தடுப்புச் சுவர் கட்டினான். சுவரின் அடி என் முற்றத்தில் இருக்கிறது. மூன்று மணி நேரம் நான் பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னேனே, அந்தச் சுவர்தான்.

சுவர் நன்றாகத்தான் இருந்தது. பிரச்சினை அதன் பின்னால் கொட்டியதில் இருந்தது. எங்கள் தீவில் மண் கிடையாது, பாறைதான். ஜல்லி வேண்டுமென்றால் படகில் வர வேண்டும். அதனால் யாராவது சுவர் கட்டினால் ‘அவன் நிரப்பப் போறானாம்’ என்று செய்தி பரவிவிடும். உடனே எல்லோரும் வீட்டில் கிடக்கும் வேண்டாததையெல்லாம் தள்ளுவண்டியில் கொண்டுவந்துவிடுவார்கள். உடைந்த ஓடு, திராட்சைச் சக்கை, மரத்தூள், கட்டில் ஸ்பிரிங், சிப்பி ஓடு, ஒரு துணி துவைக்கும் இயந்திரம் எல்லாம் வந்து குவிந்தன. லோவ்ரே தன் பங்குக்கு அப்பா காலத்து ரோஸ் நிறக் குளியல் தொட்டியை உடைத்துச் சுவருக்குப் பக்கத்தில் அடுக்கிவைத்திருந்தான்.

தோன்காவின் ஒயின் கடையில் எல்லோரும் இருந்தபோது நான் அமைதியாகத்தான் சொன்னேன்.

“லோவ்ரே, இந்தக் குப்பையை நம்பித் தளம் போடாதே. பாறை வரைக்கும் நாலு தூண் இறக்கு. தளம் தூண் மேல உக்காரட்டும். மண்ணு சும்மா இடத்தை அடைச்சா போதும், பாரம் சுமக்கக் கூடாது. இல்லேன்னா மூணே வருஷத்துல இறங்கிடும்.”

“அத்தான், உங்க வீட்டு வாசப்படி ஆடுது. முதல்ல அதைப் பாருங்க.”

தோன்கா சிரித்தாள். “ஜெர்மனி ஆரம்பிச்சிட்டாருப்பா. யாராச்சும் பேப்பர், பேனா கொண்டாங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. பந்தயம் கட்டலாம் என்றேன். எங்கள் ஊர்த் திருவிழா ஆகஸ்டில் வருகிற புனித ரோக் திருநாள்; அப்படி மூன்று திருநாள் தாண்டியும் தளம் நின்றால், இனி யார் வீட்டுக் கட்டுமானம் பற்றியும் நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். இறங்கினால், லோவ்ரே அந்தக் கடையில் நாற்காலி மேல் ஏறி நின்று, ‘அத்தான், நீங்க சொன்னதுதான் சரி’ என்று சொல்ல வேண்டும். பணம் எதுவும் கிடையாது.

இது சின்ன விஷயம் என்று உங்களுக்குத் தோன்றலாம். கல்யாணமாகி இருபத்தொன்பது வருடம் ஆகிறது. அந்தக் குடும்பத்தில் ஒருவர்கூட என்னிடம் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. என் மாமியார் சாகும்போதுகூடச் சொல்லவில்லை. நான் பக்கத்திலேயே உட்கார்ந்து இரண்டு நாள் வாய்ப்பு கொடுத்தேன். தோற்றுப் போய் வாயைக் கட்டிக்கொண்டால் தோன்காவின் கடையில் நான் என்ன செய்வேன்? எல்லோரும் கட்டடம் பற்றிப் பேசுவார்கள், நான் மத்தி மீனை உரித்துத் தின்றுகொண்டிருப்பேனா?

பந்தயம் கட்டிய மறுநாள் எனக்குச் சிறுநீரகக் கல் வலி வந்தது. கடலுக்கு அக்கரையில் உள்ள ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தேன். தோப்ரிலா தினமும் போன் செய்தாள். நிரப்ப ஆரம்பித்துவிட்டார்களா என்று கேட்டேன். “உங்க கல்லு வெளிய வந்துச்சா, அதைச் சொல்லுங்க” என்று பேச்சை மாற்றினாள். நான் திரும்பி வந்தபோது சுவரின் உச்சிவரை நிரப்பி, பலகை அடித்து, கம்பி கட்டி முடித்திருந்தார்கள். ஒன்பது நாளில் இவ்வளவு வேலையா என்று நினைத்தேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

மே மாதம் காங்கிரீட் போட்டார்கள். எங்கள் ஊரில் தளம் போடும் நாளில் எல்லோரும் வர வேண்டும். கூலி கிடையாது; வீட்டுக்காரர் ஓர் ஆட்டுக்குட்டியை நெருப்பில் சுட்டுப் போடுவார். வராதவனை ஊர் மனிதனாகவே மதிக்காது. நானும் போனேன், மற்றவர்களைவிட அதிக வாளி தூக்கினேன். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும், மேடம். எனக்கு லோவ்ரே மேல் எந்த வெறுப்பும் இல்லை.

முதல் திருநாள் போயிற்று. குளிர்காலம் முழுக்கத் தெற்குக் காற்று மழையைக் கொண்டுவந்து கொட்டியது. தினமும் காலையில் ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு போய்த் தளத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். குமிழி நடுவிலேயே நின்றது. லோவ்ரே ஒரு கண்ணாடிக் குவளையில் விளிம்புவரை ஒயின் ஊற்றித் தளத்தின் நடுவில் வைப்பான். “ஜாக்கிரதையா நடங்க அத்தான், சிந்திடப் போகுது” என்பான். ஒரு சொட்டு சிந்தவில்லை. மார்ச் மாதம் ஆனபோது ஒரு மயிரிழை விரிசல்கூட இல்லை.

எனக்கு அது நியாயமாகப் படவில்லை. அந்தக் குப்பை இறங்கத்தான் வேண்டும், அதன் குணம் அது. எதற்கோ காத்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்தேன். சில விஷயங்களுக்குக் கொஞ்சம் உதவி தேவைப்படும். எங்கள் தேவாலயத்து யெர்கோ சாமியாரின் மழைநீர்த் தொட்டி கசியும் என்று நான் சொன்ன வருடமும் அப்படித்தான். அதற்கு ஓர் ஆணி போதுமாக இருந்தது. பூசை மணி அடிக்கும்போது நாலு தட்டுத் தட்டினேன். தோன்காவின் கடைப் படி பெயர்ந்துவிடும் என்று சொன்னதற்குத் தினமும் ஒரு குவளை உப்புத் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. பள்ளிக்கூட மதில் தானாகவே விழுந்தது. அதில் என் பங்கு மிகக் குறைவு. இதையெல்லாம் நீங்கள் கேட்கவில்லை. என் கணிப்பு எவ்வளவு துல்லியமானது என்று உங்களுக்குப் புரிய வேண்டுமே என்று சொல்கிறேன்.

சுவரின் அடியில், என் கோழிக்கூண்டுக்குப் பின்னால், மழைத் தண்ணீர் வடிவதற்கு ஓர் ஓட்டை விட்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு கல்லை மட்டும் உருவினேன். கை நுழையும் அளவுக்கு இடம் கிடைத்தது. பழைய படகுத் துடுப்பு ஒன்று இருந்தது. அதன் நுனியில் தோப்ரிலாவின் பெரிய இரும்பு அகப்பையை வைத்துக் கட்டினேன். உள்ளே விட்டு, தோண்டி, இழுத்தால் ஓர் அகப்பை மண் வரும். சத்தமே இருக்காது. ஓர் எலி சுரண்டுவதுபோலத்தான் கேட்கும். அந்த அகப்பையைத் தோப்ரிலா ஒரு வருடம் தேடினாள். நானும் கூடச் சேர்ந்து தேடினேன்.

இரண்டு மணிக்கு ஊர் படுத்ததும் ஆரம்பிப்பேன். தினமும் எட்டு வாளிதான். ஒன்பதாவது வாளி எடுக்க ஆசை வரும், எடுக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமையும் உண்டு, கிறிஸ்துமஸும் உண்டு. ஒரு முறை எனக்குக் காய்ச்சல் நூற்று இரண்டு. அன்றும் எட்டு எடுத்தேன். எத்தனை பேர் ஒரு வேலையை இவ்வளவு ஒழுங்காகச் செய்வார்கள் என்று நீங்களே சொல்லுங்கள். அனுபவம் குறைந்தவன் அவசரப்படுவான்.

துடுப்பு உள்ளே போகப் போகச் சில இடங்களில் கெட்டியான எதிலோ முட்டியது. பாறை என்று நினைத்தேன். மொத்தம் நாலு இடத்தில் முட்டியது. தடவிப் பார்த்தேன்; வழவழப்பாக, நேராக, மூலை வைத்ததுபோல இருந்தது. மூலையுள்ள பாறைகளும் உலகத்தில் உண்டு. சுற்றிக்கொண்டு போய்த் தோண்டினேன்.

மண்ணை எங்கே போடுவது என்பதுதான் கேள்வியாக இருந்தது. கடலில் கொட்டினால் தண்ணீர் கலங்கும், ஊர் கேட்கும். அப்போதுதான் தோப்ரிலாவின் ஆசை ஞாபகம் வந்தது. கடலைப் பார்த்து உட்கார ஒரு மேடை வேண்டும் என்று பதினோரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். முழங்கால் வலி அவளுக்கு. துறைவரை இறங்கி ஏற முடியாது. என் முற்றத்தின் கீழ் ஓரத்தில் ஆளுயரத்துக்கு ஒரு சுவர் கட்டினேன். எட்டு வாளியும் அதன் பின்னால் போயின. உனக்காகத்தான் என்று சொன்னேன். அவள் முகம் மலர்ந்தது. அன்று இரவு எனக்குப் பிடித்த கணவாய் வறுவல் செய்தாள்.

ஒரு நாள் அவள் குனிந்து மண்ணிலிருந்து ஒரு துண்டை எடுத்தாள்.

“இதெல்லாம் எங்கேருந்து கொண்டு வர்றீங்க?”

“பழைய கல் குவாரிலேருந்து.”

“குவாரில குளியல் தொட்டி இருக்குமா? எங்க வீட்டுத் தொட்டி மாதிரியே ரோஸா இருக்கு.”

“அந்தக் காலத்துல எல்லாரும் ரோஸ்தான் வாங்கினாங்க.”

அவள் அந்தத் துண்டைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு அதே இடத்தில் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

நிரப்பும் மண்ணை அரையடிக்கு ஒரு முறை திமிசு போட்டு இடித்துக் கெட்டிப்படுத்த வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா? ஜெர்மனியில் ஒன்பது வருடம் வேறு என்ன செய்தேன்? ஆனால் மதியத்தில் திமிசு போட முடியாது. முதல் இடியிலேயே முப்பது ஜன்னல் திறக்கும். மற்ற நேரத்தில் போட்டால் வேடிக்கை பார்க்க வருவார்கள், ஏது மண் என்பார்கள். அதனால் காலால் மிதித்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு, மெதுவாக.

அடுத்த மே மாதத்துக்குள் என் பக்கம் நிரம்பிவிட்டது. மூவாயிரத்து முந்நூற்று அறுபது வாளி. அதாவது முப்பத்து மூன்றரை கன மீட்டர். லோவ்ரேயின் தளத்துக்கு அடியில் பாதிக்கு மேல் வெறும் காற்றுதான் இருந்தது. கல்லை மறுபடி பொருத்தினேன், கோழிக்கூண்டைச் சுவரோடு நகர்த்தினேன். துடுப்பிலிருந்து அகப்பையை அவிழ்த்துக் கழுவி, அடுப்புக்குப் பின்னால் போட்டேன். மறுநாள் தோப்ரிலா அதைக் கண்டெடுத்துச் சந்தோஷப்பட்டாள்.

என் தளத்துக்குக் காங்கிரீட் போட ஊரே வந்தது. நானும் ஆட்டுக்குட்டி சுட்டேன். லோவ்ரே எல்லோருக்கும் முன்னால் வந்து சட்டையைக் கழற்றிவிட்டு வாளி தூக்கினான். வேலை தொடங்கும் முன் கம்பிகளுக்கு நடுவே குனிந்து பார்த்தான்.

“அத்தான், தூண் எங்கே?”

“தூண் எதுக்குடா? நிரப்பினது யாருன்னு பாரு.”

அவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அக்காவைப் பார்த்தான். தோப்ரிலா வேண்டாம் என்பதுபோல லேசாகத் தலையை ஆட்டினாள். என் மேல் உள்ள மரியாதையால் பேசாமல் இருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

ஏன் தூண் போடவில்லை என்று நீங்களும் கேட்கிறீர்கள். நல்ல கேள்வி. தூண் என்பது மற்றவர்களுக்கு நான் சொல்லும் ஆலோசனை. வேலை தெரியாதவன் நிரப்பினால் தூண் வேண்டும். இது என் கையால், தினம் எட்டு வாளியாக, ஒரு வருடத்துக்கு மேல் பார்த்துப் பார்த்து நிரப்பியது. அதே குப்பைதானே என்று நீங்கள் கேட்பதும் புரிகிறது. அது அப்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை.

மூன்றாவது புனித ரோக் திருநாள் வந்தது. அன்று மாலை பவனி முடிந்ததும் லோவ்ரே பாண்டு வாத்தியக்காரர்களைத் தன் தளத்தில் ஏற்றினான். ஒன்பது பேர், அதில் ஒருவர் பெரிய டூபா வாசிப்பவர். ஊர்க்காரர்கள் நாற்பது பேர் ஆட வந்தார்கள். கைகோத்து வட்டமாக நின்று, காலை ஓங்கித் தரையில் உதைத்து ஆடும் ஆட்டம் எங்களுடையது. நான் கீழிருந்து எடையைக் கூட்டினேன். சாதாரணமாக நின்றால் மூன்றே முக்கால் டன். உதைத்தால் இரட்டிப்பு. விழுந்தால் இரண்டரை மீட்டர்தான். கால் ஒடியும், கழுத்து ஒடியாது. குழந்தைகளுக்கு எலும்பு சீக்கிரம் கூடிவிடும் என்றும் யோசித்துப் பார்த்தேன். நான் எதையும் யோசிக்காமல் செய்கிறவன் இல்லை.

ஆனால் தோப்ரிலாவை அங்கே விட எனக்கு மனம் வரவில்லை. அவள் என் மனைவி, எனக்கு அவள் மேல் பிரியம் உண்டு. “முழங்கால் வலியோட அங்க எதுக்கு? நம்ம மேடையில உக்காரு” என்று சொல்லி, என் தளத்தின் ஓரத்தில், கடலைப் பார்த்து, மேசை போட்டேன். வெள்ளைத் துணி விரித்தேன். சுட்ட மத்தி மீன், ரொட்டி, குளிர்ந்த ஒயின் எல்லாம் வைத்தேன். புதுத் தளத்துக்கு மந்திரித்த தண்ணீர் தெளிக்க வந்த யெர்கோ சாமியாரும் மீனைப் பார்த்ததும் அவளோடு உட்கார்ந்துகொண்டார். அவர் நூற்றுப் பதினைந்து கிலோ. இந்த ஊரிலேயே பாதுகாப்பான இடத்தில் இருவரையும் உட்கார வைத்த நிம்மதியோடு நான் கோழிக்கூண்டுப் பக்கம் போய் நின்றேன். சத்தம் அங்கேதான் முதலில் கேட்கும்.

ஆட்டம் ஆரம்பித்தது. அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. அடியில் காலியாக இருந்ததால் தளம் முழுக்க ஒரு முரசாகிவிட்டது. ஒவ்வொரு உதைக்கும் மலையே ‘தும்’ என்றது. வாத்தியக்காரர்களின் தலைவர் பூரித்துப்போய், “இவ்ளோ வருஷமா வாசிக்கிறோம், இந்த மாதிரி எதிரொலி எங்கயும் வந்ததில்லப்பா!” என்று கத்தியது எனக்குக் கேட்டது. எல்லோரும் இன்னும் ஓங்கி உதைத்தார்கள். லோவ்ரே மேலிருந்து எட்டிப் பார்த்தான்.

“அத்தான், மேல வாங்க! ஒரு ஆட்டம் போடலாம்!”

“நீ ஆடு” என்றேன்.

ஒரு மணி நேரம் உதைத்தார்கள். தளம் அசையவில்லை. நான் சுவரில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போது எனக்குப் பின்னால் ஒரு கண்ணாடிக் குவளை சிணுங்கியது.

மேடம், உங்களுக்கும் தெரிந்திருக்கும். இளகிக் கிடக்கிற மண்ணை இறுக்க மிகச் சிறந்த வழி அதிர்வு. நான் போடாத திமிசை நாற்பது பேர் சேர்ந்து மேலே போட்டுக்கொண்டிருந்தார்கள். அது பாறை வழியாக இறங்கி என் முப்பத்து மூன்றரை கன மீட்டருக்குள் போயிருக்கிறது. மண் ஒழுங்காக, விதிப்படி, இறுகி இறங்கியது. என் தளம் அந்தரத்தில் நின்றது. கொஞ்ச நேரம் அது நின்றதே ஒரு சாதனைதான்.

பிறகு நடுவில் ஒரு கோடு ஓடியது. கடல் பக்கத்து முனை மெல்லத் தாழ்ந்தது. கீழ்ச் சுவர் வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்து, விட்டது. அவசரமே இல்லாமல் நடந்தது. சாமியார் முள்கரண்டியில் மீனோடு என்னைப் பார்த்தார். தோப்ரிலாவும் என்னைப் பார்த்தாள். மேசை, மேசைத் துணி, மீன் தட்டு, மந்திரித்த தண்ணீர், இருவரும் உட்கார்ந்திருந்த நாற்காலிகள் எல்லாம் ஒரே வரிசையில் வழுக்கிக்கொண்டு கீழே இருந்த கீரைப் பாத்திக்குப் போய்ச் சேர்ந்தன. சாமியாரை அத்தி மரம் பிடித்துக்கொண்டது. தோப்ரிலாவுக்குக் கணுக்காலில் எலும்பு முறிந்தது. அவளைச் சுற்றி ரோஸ் நிறத் துண்டுகள் சிதறிக் கிடந்தன. நீங்கள் இன்று காலை அதில் ஒன்றை எடுத்து லோவ்ரேயின் சுவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தீர்கள். நல்ல கண் உங்களுக்கு.

வாத்தியம் நின்றது. எல்லோரும் ஓடி வந்தார்கள். லோவ்ரே பாத்தியில் குதித்து அக்காவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கத்தினான்.

“நெஜமாவே தூண் போடலையா அத்தான்? எங்களுக்கு அவ்ளோ படிச்சுப் படிச்சுச் சொன்னீங்களே!”

“உங்களுக்கா?”

“நீங்க ஆஸ்பத்திரில இருந்தப்ப, அக்காதான் வந்து சொல்லுச்சு. ‘அந்த ஆளு வாயி பெருசுதான், ஆனா காங்கிரீட்டுல அவர் சொன்னா சரியா இருக்கும், நாலு தூண் இறக்கிடு’ன்னு. பாறை வரைக்கும் நாலு தூண் இறக்கினேன். உங்ககிட்ட சொன்னா சாகுற வரைக்கும் அதையே சொல்லிக் காட்டுவீங்கன்னுதான் மறைச்சோம்.”

மூலையுள்ள அந்த நாலு பாறைகளும் எனக்கு ஞாபகம் வந்தன.

அப்போது எனக்கு உண்மையிலேயே நெஞ்சு வலித்தது, மேடம். மூன்று வருடம் அவன் என் ஆலோசனையின் மேல் ஏறி நின்றுகொண்டு, என் பேச்சைக் கேட்டே, என்னைத் தோற்கடித்துக்கொண்டிருந்திருக்கிறான். என் அனுமதி இல்லாமல். இதைவிடப் பெரிய துரோகம் ஒன்று உண்டா? அதை யாரும் உங்கள் அறிக்கையில் எழுதச் சொல்லவில்லை.

ஆகவே நடந்தது இதுதான். லோவ்ரேயின் சுவரிலிருந்து மண்ணை எடுத்தவன் நான். நாற்பது பேர் ஆடும்போது தெரிந்தே பார்த்துக்கொண்டு நின்றவன் நான். என் மனைவியை அந்த மண்ணின் மேல் உட்கார வைத்தவனும் நான்தான். சாமியாரின் தொட்டி, தோன்காவின் படி, எல்லாவற்றுக்கும் எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். தோப்ரிலா இப்போது தம்பி வீட்டில்தான் இருக்கிறாள். மதியத்தில் அவர்கள் தளத்தில், நிழலில், காலை நீட்டி உட்கார்ந்திருப்பது இங்கிருந்து தெரிகிறது. அவளும் இப்போதெல்லாம் தூங்குவதில்லை. நான் கையசைத்தால் பார்க்க மாட்டாள்.

ஆனால் ‘அனுபவக் குறைவு’ என்ற வரியை நீங்கள் அடித்துவிட வேண்டும். யோசித்துப் பாருங்கள். அந்தக் குப்பையை நம்பித் தளம் போட்டால் மூன்று வருடத்தில் இறங்கும் என்று நான் சொன்னேன். அதே குப்பை. அதே மூன்றாவது வருடம். அதை நம்பித் தளம் போட்டார்கள். இறங்கியது. யார் போட்டார்கள் என்று நான் பந்தயத்தில் சொல்லவே இல்லை.

சாட்சியும் இருக்கிறது. அன்று ஜன்னல் பலகை ஒன்றைக் கழற்றித் தோப்ரிலாவை அதில் படுக்க வைத்து, நாலு பேர் தூக்கிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார்கள். அவள் நிறுத்தச் சொன்னாள். கையில் அந்த இரும்பு அகப்பை இருந்தது. மீன் எடுத்துப் போட நான்தான் மேசையில் வைத்திருந்தேன். அதன் கைப்பிடியில் துடுப்பில் கட்டிய கயிற்றின் தழும்பு இருந்தது. அதை அவள் விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“நீ சொன்னதுதான்யா சரி, குஸ்மா. போதுமா?” என்றாள்.

அவள் என்னை ‘நீ’ என்று சொன்னதே இல்லை. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, வலியில் இருந்தாள். இருபத்தொன்பது வருடத்தில் முதல் முறை, மேடம். நாற்பது பேர் கேட்டார்கள், வாத்தியக்காரர்களையும் சேர்த்தால் நாற்பத்தொன்பது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.